ஜன கண மன: மதனபள்ளியில் நடந்தது என்ன?

போன குடியரசு தினத்துக்கு எங்கள் ஊர் இந்தியர் சங்கத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் போட்டோம். (எங்கள் ஊர் என்றால் இப்போதைக்கு ஃபிலடெல்ஃபியாவின் புறநகர். சொந்த ஊர் திருப்பதி. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, கோவிலில் சமஸ்கிருதம், ஆபீஸில் ஆங்கிலம் என்று வளர்ந்த கும்பலில் நானும் ஒருத்தன்.) பிரசுரத்தில் அரைப் பக்கம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நானும் ரொம்பப் பெருமையாக ஒரு வரி எழுதினேன்: "நமது தேசிய கீதத்தின் மெட்டு 1919ல் சித்தூர் மாவட்டம் மதனபள்ளியில் உருவானது."

கொடியேற்றி முடித்து, ஆறிப்போன உப்புமாவைத் தட்டில் வாங்கிக்கொண்டு நிற்கும்போது சங்கத்து வங்காளி நண்பர் ஒருவர் அந்தத் தாளை மடித்துக்கொண்டே வந்தார். நல்ல மனிதர், வெற்றிலை போடாத குறையாக நிதானமாகப் பேசுவார். "1911 டிசம்பரிலேயே கல்கத்தா காங்கிரஸில் இதைப் பாடிவிட்டார்களே, அப்போது என்ன, மெட்டில்லாமல் வாயசைத்தார்களா?" என்றார். சுற்றி நின்ற பத்துப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். உப்புமா இறங்கவில்லை.

அந்த வரி என்னுடையது இல்லை, அப்பாவுடையது. அறுபதுகளின் ஆரம்பத்தில் மதனபள்ளி பெசன்ட் தியாசாபிகல் கல்லூரியில் படித்தவர். சின்ன வயதில் எங்களை பஸ்ஸில் அந்தப் பக்கம் கூட்டிப்போகும் போதெல்லாம், பாக்கராப்பேட்டை மலைப்பாதையில் தங்கை வாந்தியெடுத்து முடித்து பீலேரு தாண்டியதும் ஆரம்பித்துவிடுவார்: "டேய், ஜன கண மன மெட்டு எங்க காலேஜ்ல பொறந்ததுடா. தாகூரே வந்து பாடினாரு." ஊரெல்லாம் மதனபள்ளி என்றால் தக்காளி மண்டி என்று நினைக்க, எங்கள் வீட்டில் மட்டும் அது தேசிய கீதம் பிறந்த ஊர்.

அவமானப்பட்டவன் சும்மா இருக்க முடியுமா? ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தேன். நண்பர் சொன்னது சரி. அப்பா சொன்னதும் முழுக்கத் தப்பில்லை. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்த்ததுதான் இந்தப் பதிவு.

முதலில் கல்கத்தா. தாகூர் இந்தப் பாடலை எழுதியது 1911ல். அந்த வருஷம் டிசம்பர் 27ம் தேதி காங்கிரஸ் மாநாட்டின் இரண்டாம் நாளில் பாடினார்கள். 1912 ஜனவரியில் 'தத்துவபோதினி' பத்திரிகையில் அச்சாயிற்று. இரண்டு வாரம் முன்னால்தான், டிசம்பர் 12ம் தேதி, டில்லியில் ஐந்தாம் ஜார்ஜின் தர்பார் நடந்திருந்தது. மாநாட்டிலும் மன்னருக்கு நன்றித் தீர்மானம் போட்டார்கள், அவரைப் புகழ்ந்து வேறொருவர் எழுதிய இந்திப் பாட்டும் அதே நாளில் பாடப்பட்டது. ஆங்கிலப் பத்திரிகைகள் இரண்டையும் போட்டுக் குழப்பி, தாகூர் மன்னரை வரவேற்றுப் பாட்டு எழுதினார் என்று செய்தி போட்டுவிட்டன. நூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் குழப்பம் சாகவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாராவது எனக்கு அதை மின்னஞ்சலில் அனுப்பிவிடுகிறார்கள். மன்னர் விசுவாசியான ஒரு நண்பர் பாட்டு கேட்டதாகவும், அதில் எரிச்சலடைந்து, யுக யுகமாக இந்தியாவின் விதியை நடத்துகிறவனைப் பாடினேன், அது எந்த ஜார்ஜும் ஆக முடியாது என்றும் தாகூரே 1937ல் ஒரு கடிதத்தில் விளக்கிவிட்டார். எனக்கு அது போதும்.

ஆக பாட்டும் மெட்டும் 1911லேயே இருந்தன. தாகூரே போட்ட மெட்டு, இந்துஸ்தானி பிலாவல் வழியில் வருவது. நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்கள்தான் அதற்கும் அடிப்படை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயம் பின்னால் வேண்டியிருக்கும்.

இனி மதனபள்ளி. அப்போது அது மதராஸ் மாகாணம். 1911ல் சித்தூர் மாவட்டத்தை உண்டாக்கியபோது கடப்பையிலிருந்து பிரித்து இதில் சேர்த்திருந்தார்கள். ஜே. கிருஷ்ணமூர்த்தி 1895ல் பிறந்த ஊர். அன்னி பெசன்ட் 1915ல் அங்கே கல்லூரி ஆரம்பித்தார். அங்கே வந்து சேர்ந்தவர்கள்தான் ஜேம்ஸ் கசின்ஸ், மார்கரெட் கசின்ஸ் என்ற ஐரிஷ் தம்பதி.

இவர்கள் வந்த கதையே தனி. ஜேம்ஸ் ஒரு கவிஞர். 1915ல் பெசன்டின் 'நியூ இந்தியா' பத்திரிகையில் வேலை பார்க்க மதராஸ் வந்தார். 1916ல் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி நடந்தபோது அதைப் பாராட்டி எழுதிவைத்தார். யுத்த காலம், பத்திரிகையின் மேல் ஏற்கெனவே அரசாங்கத்துக்கு ஒரு கண். ஆசிரியர் குழுவிலிருந்து அவரை எடுத்து மதனபள்ளிக்கு வாத்தியாராக அனுப்பிவிட்டார் பெசன்ட். நம் ஊர் பாஷையில் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல்! அந்த மாற்றல் நடக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மார்கரெட் இன்னும் பெரிய ஆள். 1878ல் ராஸ்காமன் பக்கம் பாய்ல் என்ற ஊரில் பிறந்தவர். டப்ளினில் இசை படித்துப் பட்டம் வாங்கியவர், பியானோ ஆசிரியை. 1908ல் ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவர். அந்தப் போராட்டத்தில் லண்டனிலும் அயர்லாந்திலும் ஜெயிலுக்குப் போனார். இந்தியா வந்தும் சும்மா இருக்கவில்லை. 1917ல் அடையாறில் இந்திய மாதர் சங்கம், 1927ல் அகில இந்திய மாதர் மாநாடு என்று இரண்டின் தொடக்கத்திலும் இவர் இருக்கிறார். 1932ல் அவசரச் சட்டங்களை எதிர்த்து மதராஸில் பேசியதற்காக ஒரு வருஷத் தண்டனை பெற்று வேலூர் ஜெயிலில் இருந்தார். சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய அதே வேலூர். ஆனால் எங்கள் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இவர் பேரைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை.

1919 தொடக்கத்தில் தாகூர் தென்னிந்தியச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். பெங்களூர், மைசூர் என்று கூட்டம் கூட்டமாகப் பேசிக் களைத்துப்போனவர் ஓய்வுக்காக மதனபள்ளி வந்தார். கசின்ஸ் தம்பதி வாரத்தில் ஒரு நாள் மாலை மாணவர்களைச் சேர்த்து வைத்துப் பாட்டுக் கச்சேரி மாதிரி ஒன்று நடத்துவார்கள். கச்சேரி என்பது பெரிய வார்த்தை, எல்லோரும் கூடி உட்கார்ந்து பாடுவது, அவ்வளவுதான். அதற்கு வந்து உட்கார்ந்த தாகூர், நானும் ஒன்று பாடட்டுமா என்றாராம். பாடியது இந்தப் பாட்டு.

ஜேம்ஸ் தாங்கள் இருவரும் எழுதிய சுயசரிதையில் (1950ல் வெளிவந்தது) அந்த மாலையைச் சொல்லும் விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. அத்தனை பெரிய உருவத்திலிருந்து இவ்வளவு மெல்லிய குரலா என்று முதல் ஆச்சரியம். பிறகு, மாகாணம், மலை, ஆறு என்று பாட்டு அடுக்கிக்கொண்டே போக, இதென்ன பூகோளப் பாடம் என்று ஒரு நினைப்பு. இரண்டாம் சரணத்தில் மதங்களின் வரிசை. ஆனால் முதல் சரணத்தின் முடிவில் ஜெயகோஷம் வந்ததும் காது நிமிர்ந்துவிட்டது. இரண்டாம் தடவை வந்தபோது தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். மறுபடி மறுபடி பாடச் சொல்லி, கொஞ்ச நேரத்தில் அர்த்தம் தெரியாமலே எல்லோரும் உற்சாகமாகக் கூடப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பாட்டிலே திராவிடமும் வருகிறது என்று அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் கவனித்திருப்பார்களோ.

அதன் பிறகு நடந்தவை இரண்டு. ஒன்று, தாகூர் அங்கேயே உட்கார்ந்து பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 'இந்தியாவின் காலைப் பாடல்' என்ற பொருளில் தலைப்பிட்டுத் தன் கையால் எழுதிக் கொடுத்தார். தேதி 1919 பிப்ரவரி 28. இரண்டு, மார்கரெட் அவரைப் பாடச் சொல்லிக் கேட்டு மெட்டை மேற்கத்திய இசைக்குறியீட்டில் எழுதினார். ஐந்து கோட்டில் புள்ளி புள்ளியாக வைப்பார்களே, அது. கல்லூரி அதைத் தன் பிரார்த்தனைப் பாடலாக வைத்துக்கொண்டது. விடுமுறைக்கு ஊருக்குப் போன பையன்கள் பாட்டையும் கூடவே கொண்டுபோனார்கள்.

மெட்டு *உருவானது* கல்கத்தாவில், மேற்கத்திய ஸ்வரக்குறிப்பில் *எழுதப்பட்டது* மதனபள்ளியில். நான் பிரசுரத்தில் ஒரே ஒரு வினைச்சொல்லைத் தப்பாகப் போட்டிருக்கிறேன்.

இந்த இடத்தில் என் வங்காளி நண்பர், "அவ்வளவுதானே, நகலெடுத்தார், அது ஒரு பெரிய காரியமா?" என்று கேட்கலாம். (கேட்டார்.) திருப்பதிக்காரனிடம் அந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது. அன்னமாச்சாரியார் 15ம் நூற்றாண்டில் திருமலையில் ஏழுமலையான் மேல் பாடிய பல்லாயிரம் கீர்த்தனைகளைச் செப்பேட்டில் வெட்டிக் கோவிலுக்குள்ளேயே ஒரு அறையில் வைத்தார்கள். போன நூற்றாண்டில் அவை வெளியே வந்தபோது சாகித்யம் இருந்தது, ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகத்தின் பேர் இருந்தது, மெட்டு இல்லை! செம்பில் வெட்டியது அத்தனையும் நின்றது, வாயில் இருந்தது போய்விட்டது. இன்று நாம் அலிபிரியிலும் கல்யாண மண்டபங்களிலும் கேட்கும் அன்னமய்யா மெட்டுகளில் பெரும்பாலானவை ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் 20ம் நூற்றாண்டில் புதிதாகப் போட்டவை. அருமையானவைதான். ஆனால் அன்னமய்யா பாடியது அதுவல்ல. ஒரு பாட்டை யாரும் ஸ்வரமாக எழுதிவைக்காவிட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊருக்குத் தெரிந்த அளவு வேறு எந்த ஊருக்குத் தெரியும்?

(இதில் ஒரு வேடிக்கை. 2022ல் மாவட்டங்களைப் பிரித்தபோது மதனபள்ளி சித்தூரிலிருந்து போய்ச் சேர்ந்த மாவட்டத்தின் பேர் என்ன தெரியுமா? அன்னமய்யா மாவட்டம்.)

தாகூர் பாடல்களுக்கு அந்த அபாயம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். அவருடைய உறவுப் பேரன் தினேந்திரநாத் நிழல் மாதிரி கூட இருந்து நூற்றுக்கணக்கான பாடல்களை வங்காள ஸ்வரலிபியில் எழுதிவைத்தார். ஆனால் வங்காள ஸ்வரலிபியை வங்காளிதானே படிப்பான்? ஐந்து கோட்டுக் குறியீட்டை மதராஸ் போலீஸ் பேண்டும் படிக்கும், லண்டன் ஆர்கெஸ்ட்ராவும் படிக்கும். நம் ஆட்களுக்கு இது புரியாத விஷயமும் இல்லை. 1890களிலேயே சின்னசாமி முதலியார் என்ற மதராஸ்காரர் கர்நாடகக் கீர்த்தனைகளை இதே குறியீட்டில் அச்சடிக்க ஆரம்பித்து அதில் தன் சொத்தையும் உடம்பையும் கரைத்துக்கொண்டவர். அவர் பட்ட பாடெல்லாம் கமகத்தால்தான். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவதைப் புள்ளியில் எப்படி எழுதுவது? தோடியை எழுதச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

ஜன கண மன அந்த விதத்தில் ஒரு வசதியான பாட்டு. பெரும்பாலும் ஒரு எழுத்துக்கு ஒரு ஸ்வரம். ஸ்வரங்களும் கிட்டத்தட்ட பியானோவின் வெள்ளைக் கட்டைகளிலேயே அடங்கிவிடும். நடையும் சீரானது. மார்கரெட்டுக்கு அது மேரி மாதா கோவில் பாட்டு எழுதுவது போலச் சுலபமாக இருந்திருக்கும் என்பது என் அனுமானம். இதே குணம்தான் முப்பது வருஷம் கழித்து இந்தப் பாட்டை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது.

அதற்கு முன்னால் ஃபிலடெல்ஃபியா கதை ஒன்று. மதியச் சாப்பாட்டுக்கு நான் அடிக்கடி நடக்கும் செஸ்ட்நட் தெருவில், 6வது தெருவுக்குப் பக்கத்தில், 1794ல் ஒரு நாடகக் கொட்டகை திறந்தார்கள். 1820ல் அது எரிந்துபோயிற்று. 1798ல் கில்பர்ட் ஃபாக்ஸ் என்ற நடிகருக்கு அங்கே ஒரு உதவி நாடகம். நம் ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்கு வசூல் முழுக்க நடிகருக்கு என்று ஒரு நாள் விடுவார்கள் இல்லையா, அந்த மாதிரி. டிக்கெட் போகவில்லை. அப்போது பிரான்ஸோடு யுத்தம் வரும் போல ஒரு சூடு, ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. பிலிப் ஃபைல் என்ற ஜெர்மன் வயலின்காரர் ஜார்ஜ் வாஷிங்டனுக்காகப் போட்ட ஒரு அணிவகுப்பு மெட்டு ஏற்கெனவே பிரபலம். அதற்குத் தேசபக்தி வார்த்தை போட்டுப் பாடினால் கொட்டகை நிரம்பும் என்று ஃபாக்ஸ் கணக்குப் போட்டார். கொட்டகைப் புலவர்கள் முயன்று தோற்றார்கள். கடைசியில் பள்ளிக்கூடப் பழக்கத்தில் ஜோசப் ஹாப்கின்ஸன் என்ற இளம் வக்கீலைப் பிடித்தார். அவர் இரண்டு கட்சிக்கும் பிடிக்கிற மாதிரி, எந்த நாட்டையும் பேர் சொல்லித் தாக்காமல் 'ஹெய்ல் கொலம்பியா'வை எழுதிக் கொடுத்தார். ஏப்ரல் 25ம் தேதி ராத்திரி கொட்டகை நிரம்பியது; ஒன்ஸ் மோர், ஒன்ஸ் மோர் என்று திரும்பத் திரும்பப் பாடவிட்டார்கள். அதன் பிறகு நூற்றுமுப்பது வருஷம் அதுதான் அமெரிக்காவின் பாதி தேசிய கீதம். 1931 மார்ச்சில் சட்டம் போட்டு 'ஸ்டார் ஸ்பேங்கில்ட் பேனர்' வந்தது. அதன் மெட்டோ லண்டனில் ஒரு கனவான்கள் கிளப்பில் மதுக்கோப்பையோடு பாடியது! ஹெய்ல் கொலம்பியா இப்போது துணை ஜனாதிபதி மேடைக்கு வரும்போது வாசிக்கும் மெட்டாக மட்டும் இருக்கிறது. அந்த மெட்டு எங்கே *பிறந்தது* என்று இங்கே யாரும் உப்புமாத் தட்டோடு சண்டை போடுவதில்லை. பாட்டு பரவியது செஸ்ட்நட் தெருவில் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

நம்முடைய பாட்டுக்கு வருவோம். ஜேம்ஸ் கசின்ஸ் 1937ல் மதராஸ் பத்திரிகை ஒன்றில், இருபது வருஷமாக அதிகாரமில்லாமல் தேசிய கீதமாக இருக்கும் இந்தப் பாட்டையே அதிகாரபூர்வமாகவும் ஆக்கிவிடுங்கள் என்று எழுதினார். 1942 செப்டம்பரில் ஹாம்பர்க் நகரில் ஜெர்மன்-இந்தியச் சங்கத் தொடக்க விழாவில் சுபாஷ் போஸ் முன்னிலையில் இதை இசைத்தார்கள். 1943ல் சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் அரசு வந்தபோது வார்த்தையை இந்துஸ்தானிக்கு மாற்றி, அடிப்படை மெட்டை வைத்துக்கொண்டார்கள். ராம் சிங் தாகூரி அதற்கு பேண்டு இசை அமைத்தார். மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அதைப் பாடி நடந்திருக்கிறார்கள்.

1947ல் நியூயார்க்கில் ஐ.நா. பொதுச்சபை. இந்தியாவின் தேசிய கீதம் எது, வாசிக்க வேண்டும் என்று கேட்டார்கள். நம் தூதுக்குழுவிடம் இருந்தது இந்தப் பாட்டின் இசைத்தட்டு ஒன்று. அதை ஆர்கெஸ்ட்ராவிடம் கொடுத்தார்கள், அவர்கள் கேட்டுப் பழகி வாசித்தார்கள், பல நாட்டுக்காரர்கள் வந்து ஸ்வரக்குறிப்பு கேட்டார்கள். 1948 ஆகஸ்ட் 25ம் தேதி அரசியல் நிர்ணய சபையில் நேரு சொன்னது இது. வந்தே மாதரம் பக்கம் நின்றவர்களும் சாதாரண ஆட்கள் இல்லை. மாஸ்டர் கிருஷ்ணராவ் அதற்கு பேண்டு மெட்டெல்லாம் போட்டு வாசித்துக் காட்டினார். நேருவின் வாதம் சுருக்கமானது: தேசிய கீதத்தில் வார்த்தையைவிட மெட்டு முக்கியம், வெளிநாட்டு ஆர்கெஸ்ட்ராவும் வாசிக்கக்கூடியதாக, உயிருள்ளதாக அது இருக்க வேண்டும். நான் மேலே சொன்ன வெள்ளைக்கட்டை வசதி இங்கே ஜெயித்தது. 1950 ஜனவரி 24ம் தேதி ராஜேந்திர பிரசாத் அறிவித்தார். நேரம் 52 விநாடி என்று பின்னர் வரையறுத்தார்கள்.

கவனித்தீர்களா? நியூயார்க்கில் கொடுத்தது இசைத்தட்டு, மதனபள்ளிக் காகிதம் இல்லை. அப்பாவின் பெருமையில் இன்னொரு கல்லையும் நானே உருவிவிட்டேன்.

மார்கரெட் 1940களில் பக்கவாதத்தில் விழுந்தார், 1954ல் காலமானார். ஜேம்ஸ் 1956ல், அதே மதனபள்ளியில். அப்பா கல்லூரிக்குப் போனபோது அங்கே அவர்களைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் சொன்னதைத்தான் அப்பா எங்களுக்குச் சொன்னார். 'எழுதினார்' என்பது எந்த வாயில் 'உண்டாக்கினார்' ஆயிற்றோ.

இதையெல்லாம் அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு ஞாயிற்றுக்கிழமை யோசித்தேன். எண்பதைத் தாண்டியவர், காதும் கொஞ்சம் மந்தம். மூன்றாவது ஞாயிறு போனில் சொல்லிவிட்டேன். மெட்டு கல்கத்தாவில், எட்டு வருஷம் முன்னாலேயே என்று. கொஞ்ச நேரம் பேச்சில்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"அந்தம்மா எழுதினது நிஜம்தானே?"

"நிஜம்பா."

"எங்க ஹால்ல பாடினது?"

"அதுவும் நிஜம்."

"பசங்க கூடப் பாடினது?"

"ஆமாம்பா."

"அப்ப உன் பிரசுரத்துல அதப் போட்றா. உருவாச்சுன்னு நான் எப்படா சொன்னேன்?"

சொன்னார். பீலேரு தாண்டி ஒவ்வொரு தடவையும் சொன்னார். வாதாடவில்லை.

அடுத்த ஜனவரிக்கான வரியை இப்போதே எழுதி வங்காளி நண்பருக்கு அனுப்பிவைத்தேன்: "தாகூர் 1911ல் மெட்டமைத்த இப்பாடலை, 1919 பிப்ரவரியில் மதனபள்ளியில் அவரே பாட, மார்கரெட் கசின்ஸ் இசைக்குறியீட்டில் எழுதினார்; மாணவர்கள் உடன் பாடினார்கள்." அன்றைக்கே பதில் வந்துவிட்டது. மாணவர்களை முதலில் போட்டுவிடு, மற்றதெல்லாம் சரி என்கிறார்.